மேற்படி பெண்சாதி

செம்மடுவில் மூன்று சென்ட் இடம்.
அதில் ஒரு பலா, பாதி சுவர்.
"பூட்டனார் காலத்திலிருந்து வாரிசு காட்டுங்க"
என்றார் தாலுகா ஆபீஸ் கிளார்க்,
ரசீது காட்டச் சொல்வதுபோல.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
கம்ப்யூட்டருக்கு எழுபத்தைந்துக்கு முன்னால்
உலகமே இல்லை.
மனு, ஸ்டாம்பு, பதினோரு நாள்.
பிறகு வந்தது தைத்த புத்தகம் ஒன்று.
பிரித்ததும் நானும் பியூனும் சேர்ந்து தும்மினோம்.
அதில் அவர் சவரிமுத்தன்.
வடக்கே ஓடை,
கிழக்கே துரை தோட்டம்,
தெற்கே மேற்படி, மேற்கே மேற்படி.

ஞானஸ்நானப் புத்தகம் இலத்தீனில் இருந்தது.
அதில் அவர் சவேரியுஸ்.
பங்குச் சாமியார் பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் படித்தார்:
மகன் பெயர், சாட்சி பெயர், கொடுத்த குருவின் பெயர்.
தாய் பெயர் இருந்த இடத்தை மட்டும்
எங்களுக்கு முன்பே பூச்சி படித்துவிட்டிருந்தது.

கலெக்டர் ஆபீஸ் பதிவறையில் பிலவேந்திரன்
ஒரு டீக்கும் தட்டுவடை செட்டுக்கும் இறங்கிவந்து
மூன்றாவது அடுக்கில் ஏறினார்.
"சவுரி. தோட்டக் கூலி. வயது சுமார் 38.
1931 ஜூலை 9. விஷக்காய்ச்சல்."
வயதுதான் சுமார்.
சாவு துல்லியம்.

அதோடு விட்டிருக்கலாம்.
ஆனால் இருபது கொண்டை ஊசி ஏறி
ராக்வுட் எஸ்டேட்டுக்குப் போனேன்.
மிளகுக் கிடங்கில், சாக்குக்கு அடியில், சம்பளப் புத்தகம்.
மேனேஜர் தேவய்யா மூக்கைப் பொத்திக்கொண்டே
"எலிக்கு மிச்சம் உங்களுக்கு" என்றார்.

நாற்பத்தேழாம் நம்பர், சவுரி.
ஆண் கூலி ஆறணா.
ஜூலையில் செத்தவர்
ஆகஸ்டில் கைநாட்டு வைத்திருக்கிறார்.
செப்டம்பரில் வைத்திருக்கிறார்.
முப்பத்துநாலு பிப்ரவரி வரை
ஒரு மாதம் விடாமல்.

நான் அஸ்தம்பட்டி இ-சேவை மையத்தில் இருப்பவள்.
அடுத்தவர் பெருவிரலைப் பிடித்துக்
கண்ணாடியில் அழுத்துவதுதான் பகல் முழுக்க என் பிழைப்பு.
ஜூலை வரை சக்கரம், அகலம்.
ஆகஸ்டிலிருந்து சங்கு. சின்ன விரல்.
குறுக்கே ஒரு வெட்டு,
கவாத்துக் கத்தி பட்டிருக்கும்.

புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.
பெண் கூலி நாலணா.

மேஸ்திரிக்குத் தெரியாமலா?
ஆகஸ்டிலிருந்து பிடித்தம் என்ற கட்டத்தில்
நாளொன்றுக்கு ஓரணா கூடியிருக்கிறது.
அவர் கண்ணை மூடிக்கொண்ட விலை அது.
மிச்சம் அஞ்சணா.
புருஷன் பெயரைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனதில்
அவளுக்குக் கிடைத்தது ஒரேயொரு அணா.
அதில்தான் என் தாத்தா வளர்ந்திருக்கிறார்,
அதில்தான் நான்.

லயன் வீட்டுப் பட்டியலும் இருந்தது.
பதினான்காம் வீடு: சவுரி 1.
௸ பெண்சாதி 1.
௸ பையன் 1.
அவ்வளவுதான். அடுத்த வீடு.

தாலுகா படிவத்தில்
பூட்டனார் மனைவி பெயர் என்ற கட்டத்தில்
அந்த எழுத்தையே எழுதிக் கொடுத்தேன்.
கிளார்க் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்,
தலைகீழாகவும் பிடித்தார்.
"என்னங்க இது, கோழி கிறுக்கின மாதிரி?"
"மேற்படின்னு அர்த்தம் சார்."
"மேலே யாரும் இல்லையேம்மா.
எந்த மேற்படி?"

படிவம் திரும்பி வந்து என் மேசையில்தான் கிடக்கிறது.
இன்று காலை வாழவந்தியிலிருந்து ஓர் அம்மாள்,
மிளகு உருவி உருவி ரேகை தேய்ந்தவள்.
மூன்று தடவை மெஷின் மாட்டேன் என்றது.
"நான் நான்தாம்மா" என்று
மெஷினிடமே சொல்லிப் பார்த்தாள்.

துணியை நனைத்து அவள் விரலைத் துடைத்தேன்.
வரிசை நீண்டது. யாரோ சத்தம் போட்டார்.
நான் அவசரப்படவில்லை.
"பேர் சொல்லுங்க" என்றேன்.
சொன்னாள்.
இன்னொரு தடவை கேட்டேன்,
எழுத்து விடாமல் எழுத.