பச்சைச் சீட்டு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே
கிரொய்ட்ஸ்லிங்கனிலிருந்து கொன்ஸ்டான்ஸுக்கு
தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நடக்கிறேன்.
இருபது நிமிடம்.
நடுவில் ஒரு தேசம் முடிந்துவிடும்.
வேலி இருந்த இடத்தில் சிவப்பு இரும்புச் சிலைகள்;
பார்ப்பதற்கு வரி கிடையாது.

வாங்குவது இவ்வளவுதான்:
சலவைத்தூள், சின்னவனுக்குப் பற்பசை,
தவநேசனுக்குச் சவர அலகு,
கோழி ஒரு கிலோ. அதற்கு மேலே என்றால் தனித் தீர்வை.
ஐம்பது யூரோவுக்குக் குறையக் கூடாது,
நூற்றைம்பது பிராங்கைத் தாண்டக் கூடாது.
இரண்டுக்கும் நடுவில்
உதடு அசையக் கூட்டிக்கொண்டே
அடுக்கு அடுக்காய் நகர்கிறேன்.

சுங்கம் தவிர்த்த சோழன் யார் என்ற கேள்விக்கு
எட்டாம் வகுப்பில் பெயர் மறந்து
ஒரு புள்ளி இழந்தவள் நான்.
இப்போது நானே தவிர்க்கிறேன்.
மகுடம் இல்லை, மழைத்தொப்பி.

போன வாரம் ஆலை உணவறையில் ஒரு சுவரொட்டி.
ஒரு பசு, பின்னால் பனிமலை,
இந்த நாட்டில் செய்ததையே வாங்கச் சொல்லி ஒரு வரி.
அதன் கீழே நின்று ஹன்ஸ்ரூடி
இரவு வேலை வாரத்தில் ஐந்திலிருந்து மூன்றாகிறது என்றார்,
தன் சப்பாத்தைப் பார்த்து.
பசுவின் கண்ணில் குண்டூசி குத்தியிருந்தது.
போஸ்னியாக்காரி அஸ்மிரா என் காதுக்குள் கேட்டாள்,
அதில் இருக்கிற அந்தச் சொல்லில்
நீயும் நானும் உண்டா என்று.
நம் நாடா, எங்கள் நாடா?
தமிழில் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.
ஜேர்மனுக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்று மூன்றாம் அடுக்கில்
எங்கள் ஆலையின் பாதாம் பிஸ்கட்.
அதே மஞ்சள் உறை, அதே சிலுவைக் கொடி.
எங்கள் பக்கத்தில் நாலு பிராங் அறுபது,
இங்கே இரண்டு யூரோ நாற்பத்தொன்பது.
புரட்டிப் பார்த்தேன்.
நாலாம் இயந்திரம். இரவு.
ஒட்டிய விளிம்பு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

அந்தச் செவ்வாய் தாடை வளைந்துவிட்டது.
நிறுத்தினால் நாற்பது நிமிடம் போகும்,
பரவாயில்லை என்று விட்டது நான்தான்.
என் பரவாயில்லை
எனக்கு முன்னரே எல்லை தாண்டி வந்து
மலிவு விலையில் நிற்கிறது.

இரண்டு எடுத்தேன்.

காசாளப் பெண் பச்சைச் சீட்டை நீட்டினாள்.
சலவைத்தூளுக்குப் பத்தொன்பது வீதம், பிஸ்கட்டுக்கு ஏழு;
முத்திரை விழுந்தால் அடுத்த சனி கையில் திரும்பும்.
சுங்க வரிசையில் முப்பது பேர்.
எல்லாருடைய விரலிடுக்கிலும் பச்சை,
நேர்த்திக்கடனுக்கு வந்தவர்கள் மாதிரி
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.
அதிகாரி என் பைக்குள் எட்டிப் பார்த்தார்.
"சுவிஸ் பிஸ்கட்டை சுவிஸுக்கா கொண்டுபோகிறீர்கள்?"
"அதற்கு வழி தெரியும்," என்றேன்.
சிரிக்கவில்லை. குத்தினார்.

சிலைகளுக்கு அந்தப் பக்கம்
வாங்கு ஒன்றில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன்.
அங்கே கட்டிய ஏழு வீதம் திரும்பிவிடும்,
இங்கே கட்ட வேண்டியதில்லை.
எந்த அரசாங்கத்துக்கும் ஒரு சதம் கொடுக்காத பிஸ்கட்.
கடித்தேன்.
நமுத்திருந்தது.
அந்த விளிம்பால் காற்றுப் போயிருக்கிறது.

திங்கட்கிழமை சொல்லத்தான் வேண்டும்,
இரண்டாயிரம் பெட்டி அப்படிப் போயிருக்கும்.
எங்கே வாங்கினாய் என்றுதான்
முதலில் கேட்பார்கள்.