மூன்றாவது ஆணி

வலைப்பந்துக்கென்று செய்த பலகை அது.
ஒரு பக்கத்துக்கு இரண்டு ஆணி.
ஏழு ஒன்றுதான் இருக்கிறது.
ஒன்பது வேண்டுமென்றால்
ஆறைத் தலைகீழாகத் தொங்கவிடுவேன்.

துறைமுகத்தில் வந்து நின்ற சாம்பல் கப்பலிலிருந்து
இருபத்துமூன்று பேர் இறங்கினார்கள்.
அவர்களின் நாடு உலகப் பட்டியலில்
முதல் திரையிலேயே வரும்.
எங்களுடையதைக் காணப்
பெருவிரலால் தள்ளித் தள்ளிப் போகவேண்டும்.
அந்த அணியிலும் திருகோணமலையார் எவருமில்லை.
அதற்கு வேறொரு பட்டியல்,
வேறொரு தள்ளல்.

எங்கள் பக்கம் பதினாறு பேர்.
பதினாறாமவனுக்குச் சப்பாத்து இல்லை.
துஷாபரனுக்கு அடிபட்டால்
இடமும் சப்பாத்தும் ஒன்றாகக் கிடைக்கும்.

முதல் ட்றை விழுந்தபோது
வேலியோரத்து மான்கள் நிமிர்ந்து பார்த்தன.
ஐந்தாவதுக்குப் பிறகு அவையும் பார்க்கவில்லை.
நான் தகடு மாற்றிக்கொண்டே இருந்தேன்,
விரல் நுனியெல்லாம் துரு.
இம்தாத் ஒரேயொரு பெனால்டி உதைத்தான்.
அந்த மூன்றை மாட்டிவிட்டுக்
கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

இடைவேளையில் அவர்களின் தலைவன்,
நல்ல பெடியன்,
தண்ணீர்ப் போத்தலோடு வந்து கேட்டான்,
நாலைந்து பேரை வெளியே எடுக்கட்டுமா என்று.
உதடு கிழிந்திருந்த டெலிமா
துப்பிவிட்டுச் சொன்னான்:
வேண்டாம், எல்லாரும் வாங்கோ.
எவ்வளவு தூரமென்று பார்க்கவேணும்.

தொண்ணூற்றேழுக்கு மேல் ஒரு ட்றை.
கணக்கில் பிழையில்லை, நூற்றிரண்டு.
நூறை மாட்ட ஆணி இல்லை.
கன்வெர்ஷன் உதையைக்
கச்சான் காற்று கம்பத்துக்கு வெளியே கொண்டுபோனது.
பலகையில் நின்றது
02 – 03.

நிலாவெளி பஸ் வேகம் குறைத்தது.
யன்னலெல்லாம் தலைகள்.
எங்கட ஆக்கள் முன்னுக்கடா!
மீன்பெட்டி கட்டிய சைக்கிள் நின்றது,
இரண்டு ஓட்டோ நின்றது,
ரியூசன் கொப்பியோடு மூன்று பெட்டையள்
மதிலில் ஏறினார்கள்.
எவ்வளவு நேரம் கிடக்கு, தங்கச்சி?
ஒன்பது நிமிசம் என்றேன்.
அது பொய்யில்லை.

சத்தம் கேட்டு டெலிமா திரும்பினான்.
பலகையைப் பார்த்தான், பிறகு என்னை.
ஒன்றும் சொல்லாமல்
ஸ்க்ரமுக்குள் தலையைக் கொடுத்தான்.
எங்கள் கோட்டுக்கு ஐந்து மீற்றர்.
புல் பிய்ந்து மண் தெரிந்தது.
ஒருமுறை நகரவில்லை.
இரண்டாம் முறையும் நகரவில்லை,
மதில் முழுக்கக் கத்தியது,
ஒரு மான் பயந்து ஓடியது.
மூன்றாம் முறை நகர்ந்தார்கள்.

என்னிடமுள்ள ஒரே ஏழை எடுத்து மாட்டினேன்.
உதை மறுபடி கச்சானோடு போனது.
விசில்.

பஸ்ஸில் போனவர்கள் வெற்றியைக் கொண்டுபோனார்கள்.
மதிலில் இருந்தவர்கள்
நாலு புள்ளியால் தோற்ற துக்கத்தைக் கொண்டுபோனார்கள்,
ச்சா, மயிரிழையிலை விட்டிட்டாங்கள் என்று.
சரியான கணக்கு
புல்லில் மல்லாந்து கிடந்தது,
பதினைந்து நெஞ்சு ஏறி இறங்க.
பதினாறாமவன் குனிந்து
துஷாபரனின் நாடாவை அவிழ்த்துவிட்டான்.

திங்கட்கிழமை மத்திய வீதியில்
சலாகுதீன் ஹார்ட்வெயாருக்குப் போனேன்.
இரண்டங்குல ஆணி.
எத்தனை கிலோ?
ஒன்று போதும் என்று வாய்வரை வந்தது.
அவர்களின் பக்கத்துக்குத்தானே தேவை.

இரண்டு தாங்கோ என்றேன்.
கிலோவா?
இல்லை, ஆணி.