மூன்றாவது கிலோமீட்டர்

முடிவுக் கோட்டருகே நான் நிற்பதில்லை.
அங்கே எல்லா முகமும் ஒரே முகம்.
மூன்றாவது கிலோமீட்டரில்
அறுத்த சோளக்காட்டை ஒட்டி ஒரு மேடு;
பெற்றோர் யாரும் அவ்வளவு தூரம் நடந்து வருவதில்லை.
விஸ்கான்சினில் அக்டோபர் கடைசி சனிக்கிழமை,
புல்லை உறைபனி இன்னும் விடவில்லை.
ஒரு கையில் நிறுத்துக் கடிகாரம்,
மறு கையில் ஆறிய காபி.

என்னைப் போல் இன்னும் நான்கு பேர்,
மார்பில் அவரவர் கல்லூரிப் பெயர் தைத்த ஜாக்கெட்டில்.
ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்கிறோம்.
பிள்ளைகளின் பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான்.

நேரமெல்லாம் தாளில் இருக்கிறது; அதற்காக
நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வர வேண்டியதில்லை.
நான் பார்க்க வந்தது
மேட்டில் தோள் காதுவரை ஏறுகிறதா,
பாதம் மண்ணைக் கேட்டு வாங்குகிறதா, அறைந்து பிடுங்குகிறதா,
முந்திப் போனவளின் முதுகை
எத்தனை அடி தூரம் விட்டுக்கொடுக்கிறாள்.

முதலில் வந்தவள் பதினேழு நிமிடம் நாற்பது.
பக்கத்தில் நின்றவரின் பென்சில் நுனி ஒடிந்தது.
நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்.
அந்த வயதில் அவ்வளவு எலும்பு தெரியக் கூடாது.
பதினான்கு வயதிலிருந்தே வாரம் அறுபது மைல் என்றார்கள்.
பிழிந்த எலுமிச்சையை யாரோ நீட்டுவது போலிருந்தது.
குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை.
அதற்காக என்னை நல்லவள் என்று எண்ண வேண்டாம்:
இதே போல் ஒருத்தியை முன்பு எழுதியிருக்கிறேன்.

முப்பத்தொன்றாவதாக வந்தாள் டெலானி ஸ்வொபோடா.
பத்தொன்பது பன்னிரண்டு,
தாளில் யாரும் நின்று படிக்காத வரி.
காலுறை ஒன்று நீலம், ஒன்று சாம்பல்.
மேடு ஏறும்போது வாய் மூடியிருந்தது.
இறக்கத்தில் ஆறு பேரைக் கடந்தாள்,
கடந்தது தனக்கே தெரியாதவள் போல்.
போன வருடம் இருபத்தொன்று. அதற்கு முந்தைய வருடம்
ஓடவே இல்லை, பள்ளி பேண்டில் டிராம்போன் ஊதினாள்.
இப்போதும் வாரம் இருபது மைல்தான்;
விடியலில் எண்பது மாடு காத்திருக்கிறது.
இருபது மைலுக்கே இது என்றால், என்று
எனக்குள் ஒரு கல்லாப்பெட்டி திறந்து மூடியது.

ஞாயிறு மாலை தொலைபேசினேன்.
ஓடுபாதை, உணவுக்கூடம், வருடம் ஆறு ஜோடி காலணி,
கட்டணத்தில் பாதி எங்கள் பொறுப்பு...
பதினோரு வருடமாய்ச் சொல்லும் வரிசை, இடறாமல் வந்தது.
அவள் பக்கம் பால் கறக்கும் இயந்திரம்
சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
எல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டாள்:
“நாலு வருஷம் முன்னாடி எத்தனை பேரைச் சேர்த்தீங்க?
அதுல இப்ப எத்தனை பேர் ஓடுறாங்க?”

ஒன்பது.
மூன்று.

இருவருக்குக் கால் எலும்பில் விரிசல்.
ஒருத்தி கணக்கியலில் மகிழ்ச்சியாக இருக்கிறாள், நிஜமாகவே.
இருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.
ஒருத்தி, நூலகத்தில் என்னைக் கண்டால்
வேறு படி வழியாக இறங்குகிறாள்.

“மூணு,” என்றேன்.
அந்த முனையில் மூச்சு மாறவில்லை.
மேட்டில் கேட்ட அதே மூச்சு.
“மிச்ச ஆறு பேர்ல ஒருத்தர் நம்பர் குடுங்க.
ஓடுற மூணு பேர் வேண்டாம்.”

அவர்களைக் கேட்காமல் தர முடியாது என்றேன்.
சரி, கேளுங்க என்றாள்.

படி மாறி இறங்குகிறவளின் எண்
இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.
மணி போகிறது.
ஐந்தாவது மணி.
நான் வைத்துவிடவில்லை.