அதே மேசை

பேராச்சியின் அப்பள உறையில்
எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்.
மூன்று இருக்க வேண்டுமாம்.
அபராதம் எழுபத்தையாயிரம்.

கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறி
பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடை மாடியில்
எங்கள் அறக்கட்டளைக்கு வந்தாள்,
முந்தானையில் உளுந்து மாவோடு.
"பிடிச்சதும் அவியதான்
கேக்கதும் அவியதான்
தண்டம் போடுததும் அவியதான்.
பெறவு நான் யார்ட்டதான் சொல்ல?"

அதை அப்படியே எழுதிக்கோ என்றார்
ஜெபக்கனி வக்கீல்.
நான்கே வரி.
பதினொரு பக்கமாகத் தட்டச்சு செய்தேன்.

மூன்று மில்லிமீட்டரைச் சட்டத்தில் தேடினேன்.
விதியில் தேடினேன்.
அரசிதழில் மூன்று நாள் தேடினேன்.
அது ஒரு சுற்றறிக்கையில் இருந்தது.
யாரோ ஒரு மத்தியானம் கையெழுத்துப் போட்டது.

"இந்த நோட்டீசு எழுத்து எத்தன மில்லி?"
அளந்து பார்த்தேன். ஒன்றரை.
மனுவில் சேர்த்தேன்.
வக்கீல் சிவப்பு மையால் அடித்தார்:
"கோர்ட்டுல சிரிக்க நேரம் கெடையாது டே."

எட்டு வாய்தா.
மதுரைக்குப் போய்வரும் பஸ் காசு
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர்
மாதாமாதம் அனுப்பும் ஐந்நூறு.

ஒன்பதாவது முறை
நீதிபதி சுற்றறிக்கையை ஜன்னல் பக்கம் திருப்பினார்,
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"இதைவிடத் தெளிவான நகல் இல்லையா?"
அரசு வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.
பின்வரிசையில் பேராச்சி
சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அபராதம் ரத்து.
அடுத்த வரி:
மனுதாரரை நேரில் விசாரித்து
அதே அதிகாரி மீண்டும் முடிவெடுக்கலாம்.

கயத்தாறு தாண்டும்போது கேட்டாள்:
"செயிச்சாச்சா?"
காற்றாலைகளைப் பார்த்தபடி வக்கீல் சொன்னார்:
"பாதி."
"அந்த மேசைக்கேவா திரும்பப் போவணும்?"
"நானும் வாரேன்."

பிடிப்பவரே தீர்ப்பும் சொல்லலாமென்று
யார் கொடுத்த அதிகாரம் என்ற மற்றப் பாதிக்கு
எண் விழுந்திருக்கிறது.
தேதி விழவில்லை.

இன்று செவ்வாய்.
பதினோரு மணிக்கு வரச் சொன்னவர்
பன்னிரண்டாகியும் வரவில்லை.
பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
பேராச்சியின் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது
மகனுடைய ஸ்கேல்.
வெளியே தூறல்.
"எப்படியும் அப்பளம் காயாத நாளுதான்,
மெதுவா வரட்டும்" என்கிறாள்.