லுந்தால் கோல் அடிக்காத ஆவணி

மேட்டுப்பாளையம் மருந்துக் கிடங்கில்
நாங்கள் ஏழு பேர், ஆளுக்கு ஓர் அணி.
ஆளுக்கு முந்நூறு ரூபாய்
பில்லிங் மேசை இழுப்பறையில்
இருமல் மருந்து அட்டைக்குள் இருக்கிறது.
தெய்வசிகாமணி தவிர எவரும்
பந்தைக் காலால் தொட்டதில்லை.
அவரும் லாஸ்பேட்டை மைதானத்தில்
ஒருமுறை தொட்டுக் கணுக்காலை முறித்துக்கொண்டவர்.

லுந்தாலை எல்லோருமே எடுத்தோம்.
போன சீசனில் முப்பத்தொரு கோல்.
இடப்பக்கம் ஒகாரெ, வலப்பக்கம் பெனித்தோ.
மூவருக்கும் கொடுத்ததுபோக மிஞ்சியதில்
ஒரு கோல்கீப்பர். அவன் பெயரை
நான் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.
பாயசத்துக்கே இலை முழுதையும்
ஒதுக்கி வைத்த பந்தி.

முதல் வாரம் பூஜ்யம்.
"அங்க மழை" என்றாள் பிலோமினா.
இரண்டாம் வாரம் அவன் உதைத்தது
கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
கம்பத்துக்கு மதிப்பெண் கிடையாது.
மூன்றாம் வாரம் எழுபதாவது நிமிடத்தில்
வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.
காலுறையைக் கீழே தள்ளி
கெண்டைக்காலைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான்.
இங்கே மணி இரண்டாக ஐந்து நிமிடம்.
கொசுவலைக்குள் போனை மூடிப் பிடித்துக்கொண்டு
அவனைத் திட்டினேன்,
மாமியார் விழித்துக்கொள்ளாத சத்தத்தில்.

திங்கட்கிழமை கிடங்கு எழவு வீடு.
"காலாவதிச் சரக்கு" என்றான் நஜ்முதீன்.
"பேட்ச் நம்பர் பார்த்துக் கம்பெனிக்கே அனுப்பணும்."
எழிலரசு கறுப்புச் சட்டைக் குடும்பம்.
அவனே லுந்தாலின் பிறந்த தேதியைத் தேடி
எட்டில் சனியா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.
தெய்வசிகாமணி அட்டைப்பெட்டி மேல் கட்டம் கிழித்து
நடுக்களம் பந்தே தருவதில்லை என்று
அரைமணி நேரம் விளக்கினார்.
அந்த அரைமணியில்
காரைக்கால் போகவேண்டிய இன்சுலின்
கடலூர் வண்டியில் ஏறிப் போனது.

பிலோமினா மட்டும்
வில்லியனூர் மாதாவிடம் கேட்கமாட்டேன் என்றாள்.
இதற்குக் கேட்டுவிட்டால்
மகள் பரீட்சைக்குக் கேட்க முகம் இருக்காதாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
ஒருவருக்கொருவர் சொல்லாமல்
ஆறு பேரும் அவனைக் கழற்றிவிட்டோம்.
ஆடித் தள்ளுபடியில் எடுத்த சேலை
முதல் துவைப்பிலேயே சாயம் விட்டால்
அக்கம்பக்கம் பார்க்காத நேரமாய்
உள்கொடியில் காயப்போடுவது போல.

சனி இரவு அவன் நான்கு அடித்தான்.
ஒன்று தலையால்.
ஒன்று பெனித்தோ தட்டிக்கொடுத்தது.
மூன்றாவதை நான் குளியலறையில்
விளக்குப் போடாமல் நின்று பார்த்தேன்.
நான்காவதைப் பார்க்கவில்லை.

ஏழாவது ஆள் சவரிநாதன்.
மூன்று வாரமாக ஜிப்மரில் இருக்கிறான்.
மனைவிக்கு ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது.
அவன் அணி முதல் நாள் வைத்தது வைத்தபடி.
லுந்தால்தான் கேப்டன், மதிப்பெண் இரட்டிப்பு.
பட்டியலில் கடைசியில் கிடந்தவன்
ஒரே ராத்திரியில் உச்சியில்.

பிலோமினா இழுப்பறையைத் திறந்தாள்.
இரண்டாயிரத்து நூறு.
"சீசன் முடிய இன்னும் எட்டு மாசம்,
விதிப்படி..." என்று தொடங்கிய நஜ்முதீன்
முடிக்கவில்லை.
சட்டைப்பையைத் தடவி ஓர் ஐந்நூறைச் செருகிவிட்டு
லாரிக்காரனைத் திட்டப் போய்விட்டான்.

கொண்டுபோனது நான்.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ நானூறு.
நேற்றைவிட இருபது கிராம் கூடுதல்
என்று நர்ஸ் அட்டையில் எழுதுவதை
அவன் எட்டி எட்டிப் பார்த்தான்.
தாழ்வாரத்துக்கு வந்ததும் கேட்டான்:
"லுந்தாலைத் தூக்கிட்டீங்களா?"
தலையாட்டினேன்.
"நானும் தூக்கணும்னுதான் இருந்தேன்" என்றான்.
"போன்ல சார்ஜ் நிக்கல."