மீட்டமை

ரூவியில், பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில்
குஞ்ஞாமு காக்காவின் கடை.
ஒற்றைக் கண்ணில் லென்ஸ் செருகி
உள்ளே உட்கார்ந்திருப்பவன் நான்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடை திறக்கும் நேரம்
சோஹாரிலிருந்து வந்திருந்தான் அருளாந்து.
விழுந்த பல்லைப் பொத்திக்கொண்டு
வைத்தியரிடம் வருபவன்போல
கைக்குட்டைக்குள் கைபேசி.

"ரொம்பத் தொங்குச்சுண்ணே.
தமிழ்லதான் வச்சிருக்கேன்.
மீட்டமைன்னு இருந்துச்சு.
மீட்டுக் குடுக்கும்னு அமுக்கிட்டேன்."

மீட்டெடு என்றால் போனது வரும்.
மீட்டமை என்றால் இருப்பதும் போகும்.
யாரோ ஏசி அறையில்
இரண்டையும் ஒரே வேரில் நட்டுவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.

மகள் படமா என்றேன். இல்லை.
ஓவர்டைம் தாள்கள்.
ஷிஃப்ட் முடிந்து ஃபோர்மேன் கையெழுத்து காயுமுன்
ஒவ்வொரு நாளும் எடுத்தவை,
நூற்றுத் தொண்ணூறுக்கு மேல்.
ஏழு மாதச் சம்பளம்.
ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டில் வாய்தா.

மெமரி கார்டைக் கணினியில் செருகினேன்.
பச்சைக் கோடு நத்தையாய் நகர்ந்தது.
காத்திருக்கும்போது வேறென்ன பேச?
எங்கள் பக்கம் அடகு நகையை மீட்போம்.
அவன் பக்கம் திருப்புவார்களாம்.
"தோட்டைத் திருப்பணும்ணே, ஏல நோட்டீசு வந்துருச்சு."
வீணையை மீட்டுவதும் இதே எழுத்தில்தான்,
இந்தச் சந்தில் அதற்கு வேலையில்லை.
கோயிலென்றால் புதுப்பிப்பது, ரோடென்றால் செப்பனிடுவது,
ஐம்பது ரியாலோடு ஃபோர்மேன் இரவில் வந்தது
சரிக்கட்ட.
அவன் கழுத்தில் தொங்கும் மீட்பருக்கும்
வெள்ளிக்கிழமைதான் பாடு.

எங்கள் பலகையில் அரபிக்கும் மலையாளத்துக்கும் கீழே
பொடி எழுத்தில் தமிழும் உண்டு:
பழுது பார்க்கப்படும்.
எனக்கு அந்தப் 'பார்' பிடிக்கும்.
சரியாக்குவேன் என்று அது வாக்குத் தருவதில்லை.
பார்ப்பேன்.
அவ்வளவுதான்.

நாற்பத்தொரு படங்கள் வந்தன.
நோன்பு மாதத்தில் கார்டு நிரம்பியிருக்கிறது,
அதற்குப் பிறகெல்லாம் போனுக்குள்ளேயே.
போனது போனதுதான்.
ஒன்றில் அவன் கட்டைவிரல் பாதித் தாளைத் தின்கிறது.
ஒன்று தலைகீழ்.
ஒன்றில் தாளே இல்லை, பூட்ஸ் முனையும் சிமெண்டுத் தரையும்.
ஃபோர்மேன் கையெழுத்து மட்டும்
கொழுத்த நண்டாய், அத்தனை தெளிவு.

"தேறுமாண்ணே?"

காய்ச்சல்காரனுக்கும்
பரீட்சை எழுதியவனுக்கும்
கடன் போக மிஞ்சும் காசுக்கும்
கேட்கிற அதே கேள்வி.
எந்தக் கைபேசியிலும் இந்தப் பொத்தானை நான் பார்த்ததில்லை.

மை மங்கியது. குலுக்கி மறுபடி பிரிண்ட் போட்டேன்.
"கொஞ்சம் தேறும்" என்றேன்.

தாள்கள் கைக்குட்டைக்குள் அடங்கவில்லை.
லுலு பை ஒன்று கொடுத்தேன்.
காசு? ஞாயிறு போகட்டும்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.
"இங்கிலீசுக்கே மாத்திரட்டுமாண்ணே?"

"வேணாம்.
அடுத்த தடவை அமுக்குறதுக்கு முன்னாடி
எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு."