வராக்கடன்

மண்டபம் வடக்குத் துறையில்
எங்கள் ஐஸ் பேக்டரி ஆபீஸுக்கு ஒரே ஜன்னல்.
அது வழியாக வருவது பாதி காற்று, பாதி உப்பு.
கீபோர்டில் எட்டு போய் ரெண்டு வருஷம் ஆச்சு.
எண்பது பார் எழுத வேண்டுமானால்
நாற்பதை ரெண்டு தடவை எழுதுகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து வந்த களஞ்சியம்
சிபியூவைத் திறந்து, துருவைச் சுரண்டி, மோந்து பார்த்து
"அக்கா, இது அடுத்த வாடைக்குத் தாங்காது" என்றான்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஸ்க் தந்தான்.
சோப்பு டப்பாவைவிட லேசு.
இருபது வருஷ ஐஸ் இதற்குள் அடங்குமாம்.

பழைய பேக்கப்புகளைத் தேடினால்
யாரோ ஒளித்து வைத்த மாதிரி எங்கெங்கோ.
டி டிரைவில் 'புதுசு', அதற்குள் 'புதுசு 2',
அதற்குள் 'கடைசி', அதற்குள் 'கடைசி இல்லை'.
எல்லாம் நான் வைத்த பெயர்கள்தான்.
சீடிகளில் பாதி சாளைச் செதில்போல் உரிந்துவிட்டது.
'மார்ச் கணக்கு' என்று எழுதியிருந்ததில்
மேஸ்திரி வீட்டுக் காதுகுத்து ஓடியது.
ஐந்து நிமிஷம் பார்த்தேன்.
பிள்ளைக்கு மொட்டை நன்றாக இருந்தது.

காப்பி போட்டேன்.
மீதம் நாற்பது நிமிடம் என்றது,
பிறகு ஒன்பது மணி நேரம்,
பிறகு இரண்டு நிமிடம்.
கடலில் இருப்பவர்களுக்கு செல் அடித்தாலும் இப்படித்தான்:
வந்துட்டோம், வந்துட்டோம்.

அப்போதுதான் ஆரோக்கிய நிர்மலா வந்தாள்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
வக்கீல் கேட்கிறாராம்,
அன்றைக்கு உன் புருஷன் கடலுக்குத்தான் போனான்
என்பதற்கு என்ன அத்தாட்சி?
டோக்கன் ஈரத்தில் போய்விட்டது.
கூடப் போன மூன்று பேரும் திரும்பாதவர்கள்.
"ஐஸ் ஒங்ககிட்டதான எடுத்தாரு?"

இன்னாசி. பதினேழு பார். கடன்.
எழுதியது நான்.
மூன்றாம் வருஷம் முதலாளி சொல்லி
வராக்கடன் என்று தள்ளி
கணக்கை மூடி, புது வருஷத்தைத் தனியே பிரித்ததும் நான்.
இந்த மிஷினில் இன்னாசி
யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.
இந்த மிஷினில் இன்னாசியே இல்லை.

'கடைசி இல்லை'க்குள் கிடந்தது
இரண்டாயிரத்துப் பதினொன்று.
ரீஸ்டோர் கொடுத்தேன். திறக்கவில்லை.
பழைய சாப்ட்வேர், லைசென்ஸ் முடிந்தது.
களஞ்சியத்துக்குப் போன் போட்டேன்.
"தேதியைப் பின்னால தள்ளுங்கக்கா. ஏமாந்துரும்."

தள்ளினேன்.
திரையின் மூலையில் பிப்ரவரி ஒன்பது, புதன்கிழமை.
மிஷின் நம்பிவிட்டது.
அதற்கு இன்னும் ஒரு படகும் காணாமல் போகவில்லை.
நிர்மலா திரையைப் பார்த்தாள்,
சுவரில் காலண்டரைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

இன்னாசி, பதினேழு பார்,
பாக்கி ரூபாய் இரண்டாயிரத்து நாற்பது.
பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்தது.
'அச்சிட்ட நாள்' என்ற இடத்திலும் அதே புதன்கிழமை விழுந்துவிட்டது.
பேனாவால் அடித்து, இன்றைய தேதி போட்டு,
கையெழுத்து வைத்து, சீல் குத்தினேன்.

தாளை நாலாக மடித்து பைக்குள் வைத்தவள்
அதே பையிலிருந்து எண்ணி எடுத்தாள்:
நாலு ஐந்நூறு, ரெண்டு இருபது.
"இது தள்ளுபடி ஆயிருச்சும்மா."
"அவரு தள்ளச் சொல்லல."

பணம் என் டிராயரில் இருக்கிறது.
டிஸ்க்கை, செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா பொட்டலங்களோடு
எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூட வேண்டும்.
அதற்குமுன் இதை வரவு வைக்க வேண்டும்.
இன்றைய கணக்கில் அவன் பெயர் கிடையாது.
அன்றைய கணக்கில், இந்தச் சாம்பல் கலர் ஐந்நூறு
இன்னும் அச்சடிக்கவே இல்லை.

கடிகாரத்தை முன்னால் நகர்த்தாமல்
உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே லோடு ஏற்றுகிறவன் கத்துகிறான்,
எத்தனை பார் அக்கா, எத்தனை பார்?